பற்றவைத்த இணைப்புகளில் சோர்வு விரிசல் – கணிப்பொறி காட்டும் கால அளவு

பாலங்கள், கப்பல்கள், பாரந்தூக்கிகள், கொதிகலன்கள், தண்டவாளங்கள், கடல்நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகள் ஆகியவை இன்று பெரும்பாலும் பற்றவைப்பால் இணைக்கப்படுகின்றன. ரிவெட் ஆணிகளால் தகடுகளைப் பிணைத்த பழைய முறையைவிட இது எடை குறைந்தது; விரைவானது; செலவிலும் சிக்கனமானது. ஆயினும் ஒரு வேறுபாடு கருத்திற் கொள்ளத்தக்கது. ரிவெட் அடித்த கர்டரில் ஒரு தகட்டில் தோன்றும் விரிசல் பெரும்பாலும் அத்தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கர்டரோ ஒரே உலோகத் தொடர்ச்சி. அதில் ஓரிடத்தில் தொடங்கும் விரிசல், தடையின்றிக் கர்டர் முழுவதையும் ஊடுருவ வழி உண்டு.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்து உணர்ந்த நாள் 1980 மார்ச் 27. வடகடலின் நார்வேப் பகுதியில், எண்ணெய்த் தொழிலாளர்களின் தங்குமிடமாகப் பயன்பட்டுவந்த ‘அலெக்சாண்டர் எல். கீலாந்து’ என்னும் மிதக்கும் மேடை அன்று மாலை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். விசாரணையில் வெளிவந்த காரணம் பொறியியல் உலகைத் திகைக்க வைத்தது. ஐந்து கால்களில் ஒன்றைத் தாங்கிய குறுக்குக் குழாய் ஒன்றில், நீருள் ஒலி வாங்கும் கருவியைப் பொருத்துவதற்காக ஒரு சிறு தாங்கி பற்றவைக்கப்பட்டிருந்தது. மேடையின் பளுவைத் தாங்குவதில் அதற்குப் பங்கேதும் இல்லை. அதனைப் பொருத்திய 6 மில்லிமீட்டர்ப் பற்றவைப்பின் குறையிலிருந்துதான் விரிசல் தொடங்கியது. அலைகளின் இடைவிடாத ஆட்டத்தில் அது வளர்ந்து குழாயைச் சுற்றிவந்தது. குழாய் முறிந்ததும், அந்தக் காலைப் பிடித்திருந்த மற்றக் குழாய்களும் மிகைப்பளுவால் அடுத்தடுத்து முறிந்தன. கால் பிரிந்து சென்றது. முறிந்த பரப்பின் ஒரு பகுதியில் வண்ணப்பூச்சின் தடயம் காணப்பட்டது. மேடை கட்டுமானத் துறையைவிட்டு வெளியேறும் முன்பே அங்கு விரிசல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அந்த மேடை 1976இல்தான் பணிக்கு வந்தது. விரிசல் ஒரே நாளில் தோன்றவில்லை. கண்டறிந்து செப்பனிடக் காலம் இருந்தது. எவ்வளவு காலம் இருந்தது என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? சோர்வு விரிசலின் வளர்ச்சியைக் கணிப்பொறியில் மாதிரி அமைத்து ஓட்டிப் பார்க்கும் முறை விடை தேடுவது இவ்வினாவுக்கே.

உலோகச் சோர்வு

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. ஒருமுறை ஏற்றினால் எவ்விதத் தீங்கும் செய்யாத பளு, பல லட்சம் முறை ஏறி இறங்கும்போது உலோகத்தை முறித்துவிடும். இதுவே உலோகச் சோர்வு எனப்படுகிறது.

1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் நகருக்கு அருகே இரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்ட பிறகு, இந்நிகழ்வு பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. ஜெர்மானிய இரயில்வேப் பொறியாளர் அகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் அச்சுகளை மீண்டும் மீண்டும் பளுவுக்கு உட்படுத்திச் சோதித்தார். பளுவின் உச்ச அளவைக் காட்டிலும், அது ஏறி இறங்கும் வீச்சே ஆயுளைத் தீர்மானிப்பதில் முதன்மையானது என்பதை அவர் நிறுவினார். தகைவின் வீச்சு இவ்வளவு என்றால் உறுப்பு இத்தனை சுற்றுகள் தாங்கும் எனக் கூறும் வரைபடங்கள் இவ்வழியில் பிறந்தன. வடிவமைப்புத் தர விதிகள் இன்றளவும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

எனினும் இவ்வரைபடங்கள் ஒரு வினாவுக்கு விடை தருவதில்லை. இருபது ஆண்டுகளாகப் பணியில் உள்ள பாலத்தில் 3 மில்லிமீட்டர் விரிசல் காணப்பட்டால், அப்பாலத்தை உடனே மூட வேண்டுமா, அடுத்த ஆண்டு வரை பொறுக்கலாமா? விரிசலின் வளர்ச்சியைக் கணக்கிடும் முறை இங்கேதான் தேவைப்படுகிறது.

பற்றவைப்பு ஏன் நலிந்த இடம்?

பற்றவைத்த இணைப்பு சோர்வுக்கு எளிதில் இரையாவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது வடிவம். பற்றவைத்த உலோகம் தகட்டைச் சந்திக்கும் ஓரத்தில் பரப்பு திடீரெனத் திரும்புகிறது. ஆற்று நீர் ஒரு பாறையைச் சுற்றி விரைந்து ஓடுவதுபோல, தகைவு அவ்வோரத்தில் நெருங்கிச் செறிகிறது.

இரண்டாவது குறை. உருகிய உலோகம் உறையும்போது கசடின் நுண்துகள்கள் அவ்வோரத்தில் சிக்கிக்கொள்கின்றன. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரை ஆழமுள்ள இக்கூரிய குறைகள், தேர்ந்த பற்றவைப்பாளரின் பணியிலும் இருக்கும். ஆகவே விரிசல் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. பிறந்த நிலையிலேயே இணைப்பு பணிக்கு வருகிறது எனலாம்.

மூன்றாவது எஞ்சிய தகைவு. சூடான உலோகம் குளிர்ந்து சுருங்க முயலும்போது, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதனைத் தடுக்கிறது. இதனால் வெளிப்பளு ஏதும் இல்லாமலே இணைப்பில் இழுவிசை தங்கிவிடுகிறது. சில இடங்களில் அது எஃகின் நெகிழ்வு வரம்பையே எட்டும். இவ்விழுவிசை விரிசலின் வாயைத் திறந்தே வைத்திருப்பதால், வெளிப்பளுவின் அமுக்கப் பகுதியும் விரிசலை வளர்க்கத் துணைபுரிகிறது.

இவற்றின் விளைவாக எழும் உண்மை, பல அலுவலகங்களில் இன்றும் வியப்புடன் கேட்கப்படுவதாகும். வலிமை மிகுந்த எஃகைப் பயன்படுத்தினால், பற்றவைத்தபடியே விடப்பட்ட இணைப்பின் சோர்வு ஆயுள் கூடுவதில்லை. ஆயுளின் பெரும்பகுதி ஏற்கனவே உள்ள விரிசலின் வளர்ச்சியில் கழிகிறது. வளர்ச்சி வேகமோ எஃகு வகைகளுக்கிடையே பெரிதும் மாறுவதில்லை. உயர்தர எஃகை வாங்கி, அதனை நம்பித் தகைவை உயர்த்தும் வடிவமைப்பாளர் ஆயுளைக் குறைத்தவராகிறார். ஓரத்தைச் சாணை பிடித்து மென்மையாக்குவதும், சுத்தியலால் தட்டி அப்பரப்பில் அமுக்கத் தகைவை உண்டாக்குவதும் மெய்யான பயன் தரும் வழிகள்.

விரிசல் வளரும் விதி

விரிசலைக் கணக்கிடும் அறிவியல் 1920இல் ஆங்கிலப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடி முறிவு குறித்து எழுதிய ஆய்விலிருந்து தொடங்குகிறது. 1957இல் அமெரிக்கரான ஜார்ஜ் இர்வின், விரிசல் முனையைச் சூழ்ந்த தகைவு நிலை முழுவதையும் ஒரே எண்ணால் குறிக்க முடியும் என்று காட்டினார். அதுவே தகைவுத் தீவிரக் காரணி. தகைவு கூடினாலும், விரிசலின் ஆழம் கூடினாலும் அது உயரும். தகைவுக்கு நேர் விகிதத்திலும், ஆழத்தின் வர்க்கமூலத்திற்கு நேர் விகிதத்திலும் அது அமைகிறது.

இதனைச் சோர்வுடன் இணைத்தவர் பால் பாரிஸ். ஒரு பளுச் சுற்றில் விரிசல் எவ்வளவு நீளும் என்பது அச்சுற்றில் இக்காரணி அடையும் வீச்சைப் பொறுத்தது என்று 1961இல் அவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் எழுதினர். முன்னணி இதழ்கள் சில அக்கட்டுரையை ஏற்க மறுத்தன. 1963இல் எர்டோகனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு உறுதியான வடிவம் தந்தது. இன்று பாரிஸ் விதி எனப்படும் அதன் சாரம் வருமாறு:

ஒரு சுற்றில் விரிசலின் வளர்ச்சி = கெழு × (தீவிர வீச்சு) இன் ஓர் அடுக்கு

எஃகுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 3. நியூட்டன், மில்லிமீட்டர் அலகுகளில், காற்றில் உள்ள எஃகுப் பற்றவைப்புக்குப் பன்னாட்டுப் பற்றவைப்புக் கழகத்தின் பரிந்துரைகள் தரும் கெழு 5.21 × 10⁻¹³. தீவிர வீச்சு ஒரு தொடக்க வரம்புக்குக் கீழே இருந்தால் விரிசல் வளராது. இழுவிசை எஞ்சியுள்ள பற்றவைப்புகளுக்கு இவ்வரம்பு அதே அலகுகளில் 63 எனக் கொள்ளப்படுகிறது.

ஓர் எளிய கணக்கு

இவ்விதியின் பொருளை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் இணைப்பில் 0.25 மில்லிமீட்டர் ஆழமுள்ள குறை இருப்பதாகவும், தகைவின் வீச்சு சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் என்றும், விரிசல் 16 மில்லிமீட்டரை எட்டினால் உறுப்பு பயனற்றுப்போகும் என்றும் கொள்க. வடிவத்தின் விளைவைக் குறிக்கும் திருத்த எண்ணை 1 எனக் கொண்டு கணக்கை எளிமையாக்கலாம்.

தொடக்கத்தில் தீவிர வீச்சு ஏறத்தாழ 71. வரம்பாகிய 63ஐவிடச் சற்றே மிகுதி. அந்நிலையில் ஒரு சுற்றுக்கு விரிசல் வளர்வது மில்லிமீட்டரின் ஒரு கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு. இரும்பின் இரு அணுக்களுக்கிடையே உள்ள தொலைவைக் காட்டிலும் இது சிறிது. எவ்வகைக் கருவியாலும் பணித்தளத்தில் காண முடியாத இவ்வளர்ச்சியே இடைவிடாது திரண்டு பேரழிவாகிறது.

முழுக் கணக்கும் தரும் விடைகள் வருமாறு:

0.25 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை – 13.5 லட்சம் சுற்றுகள்
1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை – 6.7 லட்சம் சுற்றுகள்
4 மி.மீ. முதல் 16 மி.மீ. வரை – 3.4 லட்சம் சுற்றுகள்
மொத்தம் – ஏறத்தாழ 23.6 லட்சம் சுற்றுகள்

விரிசல் நான்கு மடங்காகும் ஒவ்வொரு முறையும், அதற்காகும் காலம் முந்தியதில் பாதியாகிறது. ஆயுளின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, விரிசல் ஒரு மில்லிமீட்டர் ஆவதற்குள்ளேயே கழிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நிலையில் எஞ்சியிருப்பது ஏழில் ஒரு பங்கு மட்டுமே.

இக்கணக்கிலிருந்து மேலும் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. தொடக்கக் குறை 0.25க்குப் பதிலாக 1 மில்லிமீட்டராக இருந்தால், ஆயுள் 23.6 லட்சத்திலிருந்து 10.1 லட்சமாகக் குறைகிறது. பட்டறையில் செய்யப்படும் கவனமான பணி ஆயுளை இரட்டிப்பாக்குகிறது. இறுதி அளவை 16இலிருந்து 25 மில்லிமீட்டராக உயர்த்தினாலோ ஆயுள் வெறும் 3 விழுக்காடே கூடுகிறது. முறியும் தறுவாயில் தகட்டின் தடிமன் தரும் கூடுதல் நாட்கள் மிகச் சில. தகைவு வீச்சு 80இலிருந்து 100 ஆனால், அதாவது கால் பங்கு கூடினால், ஆயுள் பாதியாகிவிடுகிறது. பளுவைக் கூட்டும் ஒவ்வொரு முடிவும் மும்மடி விதிக்கு உட்பட்டது என்பதை நிருவாகிகள் மறத்தலாகாது.

கணிப்பொறியின் பணி

மேற்கண்ட கணக்கைக் காகிதத்தில் போட முடிந்ததற்குக் காரணம், திருத்த எண் 1 என்று கொள்ளப்பட்டதே. மெய்யான இணைப்பில் அவ்வெண் நிலையாக இருப்பதில்லை. பற்றவைப்பின் ஓரத்தை ஒட்டிய இடத்தில் தகைவுச் செறிவு விரிசலின் வேகத்தைப் பெருக்குகிறது. விரிசல் ஆழமாகச் செல்லச்செல்ல அவ்விளைவு தேய்கிறது. விரிசல் நேர்கோடாகவும் இருப்பதில்லை. பாதி நீள்வட்டமாகத் தகட்டினுள் புகுகிறது. அதன் ஆழம் ஒரு வேகத்திலும், பரப்பில் உள்ள நீளம் வேறொரு வேகத்திலும் வளர்கின்றன. ஓரத்தின் வழியே பல சிறு விரிசல்கள் தனித்தனியே தோன்றி, பிறகு ஒன்றாக இணைவதும் உண்டு. பளுவும் ஒரே சீராக வருவதில்லை.

இச்சிக்கல்களை எல்லாம் ஒருங்கே கையாளவே கணிப்பொறி தேவைப்படுகிறது. அதன் பணிமுறை பின்வருமாறு அமைகிறது. முதலில் இணைப்பின் வடிவம் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறின் சமன்பாட்டையும் தொகுத்து, தகைவு எங்கு எவ்வளவு என்பது கணக்கிடப்படுகிறது. 1950களில் விமானப் பொறியியலில் உருப்பெற்ற இம்முறையே முடிவுறு கூறு முறை எனப்படுகிறது. அடுத்து, விரிசல் முனையின் பல புள்ளிகளில் தீவிரக் காரணி மதிப்பிடப்படுகிறது. பாரிஸ் விதிப்படி ஒவ்வொரு புள்ளியும் சிறிது முன்னே நகர்த்தப்படுகிறது. புதிய வடிவத்துக்கு மீண்டும் தகைவு கணக்கிடப்படுகிறது. விரிசல் ஆபத்தான அளவை எட்டும் வரை இச்சுழற்சி தொடர்கிறது.

விரிசல் நகரும்தோறும் கூறுகளை மாற்றியமைப்பது நெடுங்காலம் பெரும் சுமையாக இருந்தது. அச்சுமையைக் குறைக்க இரு வழிகள் தோன்றின. 1981இல் நியூமன், ராஜு ஆகியோர், பல வடிவ விரிசல்களுக்கு முடிவுறு கூறு முறையில் பெற்ற விடைகளைச் சுருக்கி, எவரும் பயன்படுத்தத்தக்க சமன்பாடுகளாகத் தந்தனர். சிறிய கணிப்பொறியிலும் ஓடும் நிரல்களுக்கு அவை அடித்தளமாயின. 1999இல் பெலிட்ச்கோவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் விரிவாக்கப்பட்ட கூறு முறையை அறிமுகம் செய்தனர். இதில் விரிசல் கூறுகளின் ஊடே செல்ல முடியும் என்பதால், கூறுகளை ஒவ்வொரு முறையும் திருத்தியமைக்க வேண்டியதில்லை.

ஒழுங்கற்ற பளுவைக் கையாளவும் முறை உண்டு. பாலத்தின் மேல் செல்லும் வண்டிகளால் தகைவு ஏறி இறங்குவதைப் பதிவு செய்தால், மேடு பள்ளமான ஒரு கோடு கிடைக்கிறது. அதிலிருந்து முழுச் சுற்றுகளைப் பிரித்தெடுக்கும் ‘மழைநீர் ஓட்ட’ முறையை 1968இல் ஜப்பானியரான மாட்சுயிஷி, எண்டோ ஆகியோர் வெளியிட்டனர். அடுக்குக் கூரைகளின் மேல் மழைநீர் வழிந்தோடுவதைப் போன்ற கற்பனையால் அது அப்பெயர் பெற்றது. இவ்வாறு பிரித்த சுற்றுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு கணிப்பொறி விரிசலை வளர்க்கிறது.

தொடக்கக் குறையின் அளவு, கெழு, பளு ஆகிய எவையும் துல்லியமாகத் தெரிந்தவை அல்ல. ஆகவே இவற்றை இயல்பான ஏற்றத்தாழ்வு வரம்புக்குள் மாற்றி மாற்றி, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான முறை ஓட்டப்படுகிறது. அப்போது கிடைப்பது ஒற்றை விடை அன்று. இத்தனை ஆண்டுகளுக்குள் முறிவதற்கான வாய்ப்பு இவ்வளவு என்னும் மதிப்பீடு. பொறுப்புள்ள முடிவுகளுக்கு இவ்வகை விடையே உகந்தது.

மாதிரியின் வரம்புகள்

கணிப்பொறியின் திரையில் வண்ணங்களுடன் தோன்றும் படம் உண்மையென நம்பத் தூண்டும். அது உண்மையன்று, கொடுக்கப்பட்ட செய்திகளின் விளைவு மட்டுமே.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 1979இல் திறக்கப்பட்ட சொங்சு பாலத்தின் நடுப்பகுதி, 1994 அக்டோபர் 21 காலை ஆற்றில் விழுந்தது. 32 பேர் மாண்டனர். எஃகுச் சட்டகத்தின் இணைப்புகளில் பற்றவைப்பு முறையாகச் செய்யப்படாதது முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இத்தகைய இணைப்புக்கு வரைபடத்தில் உள்ளபடி மாதிரி அமைத்தால், கணிப்பொறி நீண்ட ஆயுளைக் காட்டியிருக்கும். வரைபடத்தில் முழு ஆழத்துக்கு உள்ள பற்றவைப்பு பட்டறையில் பாதி ஆழத்தோடு நின்றுவிட்டால், அச்செய்தியைக் கணிப்பொறி தானாக அறிய இயலாது. கீலாந்து மேடையில் விரிசல் தோன்றிய தாங்கியோ, பளுத் தாங்கும் உறுப்பாகவே கருதப்படவில்லை. எந்த இணைப்பைக் கணக்கிட வேண்டும் என்பதை முடிவு செய்வது மனித அறிவே.

சூழலும் கவனத்திற்குரியது. பாதுகாப்பற்ற நிலையில் கடல்நீரில் உள்ள எஃகுக்குப் பிரிட்டிஷ் தர விதியான பி.எஸ். 7910 தரும் எளிய கெழு 2.3 × 10⁻¹². காற்றுக்கான மதிப்பைவிட இது நான்கு மடங்குக்கும் மேல். காற்றுக்குரிய எண்ணைக் கடலுக்குப் பயன்படுத்திய மாதிரி, மெய்யான ஆயுளை நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டும்.

எனவே மாதிரியைச் சோதனையுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. ஆய்வகத்தில் பெரிய இணைப்பு ஒன்றைப் பளுச் சுற்றுகளுக்கு உட்படுத்தும்போது, இடையிடையே பளுவின் வீச்சைச் சிறிது நேரம் மாற்றுவர். முறிந்த பரப்பில் கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகள் போன்ற தடங்கள் அப்போது பதிகின்றன. இத்தனையாவது சுற்றில் விரிசல் இங்கு இருந்தது என்பதற்கு அவை அழியாச் சான்று. கணிப்பொறி வரைந்த விரிசல் முனை அத்தடங்களோடு பொருந்தினால் மட்டுமே மாதிரி நம்பத்தக்கதாகும்.

சோதனை இடைவெளியை வகுத்தல்

முறியும் நாளை முன்னறிவிப்பதற்காக இம்மாதிரிகள் அமைக்கப்படுவதில்லை. இத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதித்தால் விரிசல் முறிவாகுமுன் அகப்படும் என்று கூறுவதே அவற்றின் முதன்மையான பயன்.

மேற்கூறிய எடுத்துக்காட்டு இணைப்பில் நாளொன்றுக்கு 200 சுற்றுகள் நிகழ்வதாகக் கொண்டால், மொத்த ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். கண்ணால் பார்த்துச் சோதிப்பவர் 4 மில்லிமீட்டர் ஆழமான விரிசலையே கண்டறிவார் எனில், அதற்குப்பின் எஞ்சியிருப்பது 4.6 ஆண்டுகள். கேளா ஒலிச் சோதனையால் 1 மில்லிமீட்டர் விரிசலையும் கண்டறிய முடியுமாயின், எஞ்சிய காலம் 13.8 ஆண்டுகள். ஒருமுறை தவறவிட்டாலும் மறுமுறை அகப்பட வேண்டும் என்பதால், இக்காலத்தில் பாதியைச் சோதனை இடைவெளியாகக் கொள்வது தக்கது. முதல் முறைக்கு இது 2.3 ஆண்டுகள், இரண்டாவதற்கு 6.9 ஆண்டுகள். நல்ல கருவிக்கும் பயிற்சிக்கும் செய்யும் செலவு எவ்வாறு ஈடாகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இனி அதே இணைப்பில் பளு கால் பங்கு கூட்டப்படுவதாகக் கொள்க. 4.6 ஆண்டுகள் என்றிருந்த காலம் 2.4 ஆண்டுகளாகக் குறைகிறது. சோதனை இடைவெளியோ கோப்பில் 2.3 ஆண்டுகள் என்றே நிற்கிறது. இரண்டு வாய்ப்புகள் தர வகுக்கப்பட்ட திட்டம் இப்போது ஒரே வாய்ப்பைத் தருகிறது. அதுவும் தவறினால் உறுப்பு முறியும். ஒரு விதிமுறையும் மீறப்படாமலே, ஒரு பதிவேடும் விடுபடாமலே, பாதுகாப்பு இவ்வாறு கைநழுவிப் போகக்கூடும்.

இந்தியச் சூழல்

இக்கணக்கு இந்தியாவுக்கு ஏட்டளவில் நிற்பதன்று. இந்திய இரயில்வேயில் சரக்கு வண்டிகளின் அச்சுப் பளு நெடுங்காலம் 20.3 டன்னாக இருந்தது. 2005ஆம் ஆண்டு முதல் தேர்ந்தெடுத்த பாதைகளில் அது ஏறத்தாழ 22.9 டன் வரை அனுமதிக்கப்பட்டது. தனிச் சரக்குப் பாதைகள் 25 டன் அச்சுப் பளு கொண்ட வண்டிகளுக்கென அமைக்கப்பட்டவை. 20.3இலிருந்து 22.9 என்பது 13 விழுக்காட்டு உயர்வே. ஆனால் மும்மடி விதிப்படி, பழைய பளுவுக்கு அமைந்த ஓர் இணைப்பில் விரிசலின் வேகம் 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். போக்குவரத்து வளர்ச்சிக்கு இத்தகைய உயர்வு தேவையே. அதனுடன் பழைய பாலங்களின் இணைப்புகளையும், பற்றவைத்த தண்டவாள மூட்டுகளின் சோதனை இடைவெளியையும் மீண்டும் கணக்கிடுவதும் அதே அளவு தேவை.

கடலிலும் இதே நிலை. மும்பைக்கு அப்பால் 1974இல் எண்ணெய் கண்டறியப்பட்ட பாம்பே ஹை வயலில் 1976இல் உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள மேடைகளின் கால்களும் குறுக்குக் குழாய்களும் பற்றவைத்த குழாய் இணைப்புகளே. ஆறு விநாடிக்கு ஓர் அலை எனக் கொண்டாலும், ஆண்டுக்கு 52 லட்சம் சுற்றுகள் ஆகின்றன. முதலில் வகுத்த ஆயுளைக் கடந்தும் ஒரு மேடையைப் பயன்படுத்துவதா என்னும் வினா எழும்போது, விரிசல் வளர்ச்சிக் கணக்கே அதற்கு அறிவியல் அடிப்படை தர வல்லது.

இதற்குரிய அடித்தளம் நாட்டில் உண்டு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் சோர்வுக்கெனத் தனிப் பிரிவு ஒதுக்கியுள்ளது. சென்னையில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பெரிய இணைப்புகளைச் சோர்வுக்கும் முறிவுக்கும் உட்படுத்தும் ஆய்வகம் இயங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் 1975இல் தொடங்கப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஆய்வுடன் பயிற்சியும் அளித்துவருகிறது. கணிப்பொறி நிரல்களும் பொறியியல் கல்லூரிகளுக்கு எட்டாதவை அல்ல.

பெரும்பாலும் இல்லாமற்போவது செய்தியே. எந்த இணைப்பை யார், எந்த முறையில் பற்றவைத்தார். கேளா ஒலிச் சோதனையில் என்ன தெரிந்தது. எந்த இடம் திருத்தப்பட்டது. பணியில் வந்தபின் மெய்யாக எத்தனை சுற்றுகள், எவ்வளவு தகைவு என்பவை பதிவாகி, கட்டுமானம் நிற்கும் காலம் வரை பாதுகாக்கப்பட்டால் மட்டுமே மாதிரிக்கு உண்மையான உணவு கிடைக்கும்.

அதிகாரி கேட்க வேண்டியவை

விரிசல் வளர்ச்சிக் கணிப்பு ஒன்று மேசைக்கு வரும்போது, கணித நுட்பம் அறியாத அதிகாரியும் ஐந்து வினாக்களைக் கேட்கலாம். தொடக்கக் குறையின் அளவு எதனை வைத்துக் கொள்ளப்பட்டது – அளந்தா, ஊகித்தா? பளு, கோப்பில் உள்ளதா, தகைவு அளவியைப் பொருத்திப் பதிவு செய்ததா? கெழு, காற்றுக்கு உரியதா, கடலுக்கு உரியதா? இம்மாதிரி எந்தச் சோதனையுடன் ஒப்பிடப்பட்டது? சோதனையாளர் உறுதியாகக் கண்டறியக்கூடிய மிகச் சிறிய விரிசல் எவ்வளவு?

இவ்வைந்துக்கும் தெளிவான விடை இருந்தால், கணிப்பொறி தரும் கால அளவைக் கொண்டு சோதனைத் திட்டம் வகுக்கலாம். விடை இல்லையெனில், அந்த எண்ணைக் கோப்பில் சேர்க்குமுன் இணைப்பைச் சோதிக்க ஆளனுப்புவதே முறை. பளு உயர்த்தப்படும்போதும், பழுது பார்க்கப்படும்போதும், புதிய தாங்கி ஒன்று பற்றவைக்கப்படும்போதும் இவ்வினாக்களை மீண்டும் எழுப்பியாக வேண்டும்.